தாமசம் உண்டு

அன்று கொச்சி விமான நிலையத்தின் வருகைக் கதவுக்கு வெளியே, மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் இரண்டே பேர். ஒருவர், துபாயிலிருந்து முதல் வகுப்பில் வந்திறங்கிய பேச்சியம்மாள். இன்னொருவன், அவரை வரவேற்று மூணாறுக்குக் கூட்டிப்போகும் வேலையில் இருந்த நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. உண்மையில் அது என்னோடு வேலை பார்த்த நாச்சிமுத்துவின் முறை. அவன் அக்கா வீட்டு விசேஷத்துக்காகப் பெருமாட்டிக்குப் போயிருந்தான். எங்கள் மேலாளர் விஸ்வநாதன் சார் பாலக்காட்டு அலுவலகத்தில் இருந்தார். இந்த இருவரில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் இதை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

என்னை நான் ஓய்வுபெற்றவன் என்று சொல்லிக்கொண்டால் வீட்டில் சிரிக்கிறார்கள். வயது முப்பத்தாறு. ஆனால் நான் பார்த்த வேலை எனக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டது. அந்த விமான நிறுவனம் எங்கள் பக்கத்துக்கு வரும் விமானங்களில் முதல் வகுப்பையே எடுத்துவிட்டது. அந்த வகுப்புப் பயணிகளைத் தரையில் கவனித்துக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருந்த எங்கள் சின்ன நிறுவனம் மேசையை மடக்கியது. இப்போது மூணாறில் ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறேன். போன மாதம் பாலக்காட்டில் விமான நிலைய வேலைக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலர் முன்னால் பேசக் கூப்பிட்டார்கள். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "முதல் வகுப்புல வரவங்க குடுக்கற காசுக்கு, இறங்கினதுக்கு அப்புறமும் எல்லாம் கெடைக்குமா சார்?" அன்றைக்கு மேலோட்டமாக ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொல்லாமல் விட்டது இது.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பிரிவு. அம்மா மாடத்தி கொழுந்து எடுப்பவர். பட்டம் வாங்கியபின் ஆறு மாதப் பயிற்சி ஒன்று. அங்கே கற்றது டை கட்டுவது மட்டும். மீதி எல்லாம் விஸ்வநாதன் சாரிடம்.

சார் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு ஸ்டீல் அரையடி ஸ்கேல் வைத்திருப்பார். பயணியின் பெயர் எழுதிய அட்டையை நாங்கள் காட்டினால் முதலில் ஸ்கேலை எடுத்து எழுத்தின் உயரத்தை அளப்பார். அட்டை நெஞ்சுக்கு நேராக இருக்க வேண்டும், முகத்தை மறைக்கக் கூடாது. பெரிய பெட்டியைக் கேட்டுவிட்டுத் தொடலாம். கைப்பையைக் கேட்காமலும் கேட்டும் தொடக் கூடாது. பயணம் எப்படி இருந்தது என்று விசாரிக்கக் கூடாது, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்க வேண்டும். காரில் தண்ணீர் பாட்டிலின் பெயர் பயணியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். கார் ஏறும் வரை, பயணி உட்கார்ந்திருந்தாலும் நாம் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் அவர் சொல்லித் தருவதைவிட நடித்துக் காட்டுவதுதான் அதிகம். பாலக்காட்டு அலுவலகத்தின் குளியலறைக் கதவுதான் எங்களுக்கு வருகைக் கதவு. தன் சாப்பாட்டுப் பையைச் சக்கரம் வைத்த பெட்டியில் போட்டு இழுத்துக்கொண்டு, தூங்காத முகத்தோடு அந்தக் கதவைத் திறந்து வருவார். நானும் நாச்சிமுத்துவும் முறைவைத்து அவரை வரவேற்க வேண்டும். ஒருநாள் நான் பழக்கத்தில், "ஒரு நிமிஷம் வெயிட் பண்ணுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படியே திரும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிடம் கழித்து வந்து சொன்னார்:

"காத்துண்டிருக்கறது நமக்குப் பழக்கமாக்கும். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பஸ்ஸு. அவாளுக்கு அது பழக்கம் இல்லை கேட்டியா. காத்திருக்க வேண்டாம்னுதான் அவா அவ்வளவு பணத்தைக் குடுத்திருக்கா. அந்த வார்த்தை ஒன் வாயில இனி வரப்படாது."

அன்றிலிருந்து 'காத்திருங்கள்' எங்கள் நிறுவனத்தில் தடைசெய்யப்பட்ட சொல்.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேர்ப் பதில் சொல்வதென்றால், பாதி கிடைக்கும். எங்கள் கைக்குள் இருந்தவை கிடைத்தன. மழை, சாலை, பெட்டி வரும் பட்டை இவையெல்லாம் யார் எந்த வகுப்பு என்று பார்க்கவில்லை. முன்னுரிமை அட்டை கட்டிய பெட்டி கடைசியாக வந்த நாட்கள் உண்டு. பாலக்காட்டு அரிசி மில் முதலாளி ஒருவர், மேலே காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தவர், கீழே முக்கால் மணி நேரம் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றதாகக் காரில் வீடு வரைக்கும் புலம்பினார். நான் வருத்தப்பட்ட முகத்தோடு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் எனக்கு இனித்தது.

இதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. அவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமை. விமானத்தில் அவர்களுக்கு ஒரு துணிப்பையில் இரவு உடை தருவார்கள், மெத்தென்ற காலுறை தருவார்கள், விரல் நீளத்தில் ஒரு க்ரீம் தருவார்கள். சிலர் அதைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். அப்படிக் கிடைத்த க்ரீமை முகர்ந்து பார்த்துவிட்டு மூடிவைப்பேன். வேண்டும் என்று எடுத்துக்கொண்டவர்களைவிட, வேண்டாம் என்று விட்டுப்போனவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

அடுத்த பொறாமை நாச்சிமுத்து மேல். என்னைவிடக் குறைவாகப் படித்தவன். ஆனால் அவன் பேச்சில் இருக்கும் அந்த 'ங்க' இருக்கிறதே, அதற்குப் பயணிகள் மயங்கிவிடுவார்கள். "வாங்க போலாமுங்க, பெட்டிய நானு பாத்துக்கறனுங்க" என்றால் போதும். அடுத்த முறை வரும்போது என்னைப் பார்த்து, அந்தப் பாலக்காட்டுச் சித்தூர்ப் பையன் வரவில்லையா என்று கேட்பார்கள். பேச்சியம்மாள் வந்த மாதக் கடைசியில் எங்கள் இருவரில் ஒருவரை முதல் வகுப்பு மேசைக்குப் பொறுப்பாளராக்குவதாக இருந்தது. கருநீலக் கோட்டு ஒன்று வரும். கோட்டைவிட எனக்கு வேண்டியிருந்தது வேறொன்று. அந்த மேசைக்காரரின் அப்பா அம்மாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை இலவச டிக்கெட் உண்டு. முன் வகுப்பில் இடம் காலியாக இருந்தால் அதிலேயே உட்காரவைப்பார்கள். அம்மாவிடம் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தேன். அவரும் எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்தில் நாலு வீட்டில் சொல்லிவிட்டிருந்தார்.

இந்த நிலையில்தான் பேச்சியம்மாள் வந்தார்.

மழைக்காலம். காலை ஒன்பது மணி விமானம். பட்டியலில் பெயரைப் பார்த்தபோதே எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. எங்கள் லயத்துக்கு அடுத்த லயம். முப்பது வருடம் அம்மாவும் அவரும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். அவர் மகன் ராஜ்குமார் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். எல்லாப் பரீட்சையிலும் அவனைவிட நான் அதிக மதிப்பெண். அவன் பன்னிரண்டாவதில் தேறவில்லை. வயரிங் கற்றுக்கொண்டு துபாய்க்குப் போனான், இப்போது அவனிடம் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். பார்க்க வந்த அம்மாவை முதல் வகுப்பில் திருப்பி அனுப்புகிறான். நான் அவன் அம்மாவின் பெயரை மூன்று அங்குல எழுத்தில் எழுதி நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

"நீ மாடத்தி மவன் செல்வம்லா? எதுக்குல என் பேர எழுதிப் பிடிச்சிட்டு நிக்க? நான் என்ன காணாமப் போயிட்டனா?"

விமானத்தில் கொடுத்த காலுறையைக் கழற்றாமல் அதன்மேலேயே செருப்பு போட்டிருந்தார். துணிப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். பயணம் எப்படி என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே சொன்னார். "படுக்கைய விரிச்சுக் குடுத்து, போர்த்தியும் விட்டுச்சு அந்தப் பிள்ள. ராஜ்குமாரு பொறந்தப்ப எங்க ஆத்தா போர்த்திவிட்டது. அதுக்கப்புறம் இன்னைக்குத்தான்."

அந்த நேரத்தில் என் அம்மா இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அதைத்தான் முதலில் நினைத்தேன்.

கார் நின்றிருந்த இடத்துக்குக் கிளம்பும் முன் தகவல் வந்தது: மலைச் சாலையில் மண் சரிந்துவிட்டது, நேரியமங்கலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஷிஜி கூப்பிட்டாள். மலையாளத்தில் ஒரே வரி: "மூந்நார் பாசஞ்ஜருக்கு தாமசம் உண்டு, கேட்டோ." பின்னால் இன்னொரு போன் அடிக்க, வைத்துவிட்டாள்.

எங்கள் எஸ்டேட் பேச்சில் தாமசம் என்றால் தாமதம். சம்பளம் தாமசமாகும், பஸ் தாமசமாகும். மலையாளத்திலும் அந்தப் பொருள் உண்டு. ஆனால் அங்கே தாமசம் என்றால் முதலில் தங்குவதுதான். ஷிஜி சொன்னது, மூணாறு பயணிக்குத் தங்க அறை ஏற்பாடாகிவிட்டது என்று. நான் எடுத்துக்கொண்டது, மூணாறு பயணிக்குத் தாமதமாகும் என்று. இதுவரைக்கும் என் மேல் குற்றம் இல்லை. அப்போது எனக்கு நிஜமாகவே அப்படித்தான் காதில் விழுந்தது.

"தாமசமாகுமாம் அத்தை, இப்பிடி உக்காருங்க" என்று மூன்றாவது தூணுக்குப் பக்கத்து இரும்பு நாற்காலியைக் காட்டினேன்.

பதினொரு மணிக்கு ஷிஜி மறுபடி கூப்பிட்டாள். "தாமசம் ஒக்கெ சரியாயோ?" தங்கியது எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிறாள். தாமதம் எப்படிச் சரியாகும்? அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அறை, படுக்கை, சுடுதண்ணீர், சாப்பாடு எல்லாம் இந்த அம்மாளுக்காகக் காத்திருக்கின்றன. திரும்பிப் பார்த்தேன். பேச்சியம்மாள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு பெண்ணிடம் மகன் வாங்கிக்கொடுத்த வளையலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சரியாயி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திட்டம் எதுவும் இல்லை. அந்த வளையல் கை. அவ்வளவுதான். அந்தக் கை எங்கள் அம்மா கைக்குப் பக்கத்திலேயே முப்பது வருடம் இருந்த கை.

பன்னிரண்டு மணிக்கு ராஜ்குமார் அம்மாவைப் போனில் அழைத்தான். ஸ்பீக்கரை அணைக்க அவருக்குத் தெரியவில்லை, அதனால் நானும் கேட்டேன். விமான நிறுவனம் அவனுக்குத் தகவல் சொல்லியிருந்தது போல; அறை நன்றாக இருக்கிறதா, கட்டில் உயரமாக இல்லையே என்று கேட்டான். பேச்சியம்மாள் தான் உட்கார்ந்திருந்த இரும்பு நாற்காலியைக் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மகனுக்குப் பதில் சொன்னார்.

"நல்லாயிருக்குல. குளுகுளுன்னு இருக்கு. நீ போய் வேலையப் பாரு."

போனைப் பைக்குள் வைத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அறை இருக்கிறது அத்தை, தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அரை நாளாவது அவர் படுத்திருப்பார். ஆனால் சொன்னால், எப்போது தெரிந்தது என்று அடுத்த கேள்வி வரும். நான் நின்றுகொண்டே இருந்தேன். பயணி உட்கார்ந்திருக்கும்போது நாம் நிற்க வேண்டும் என்ற விதியை அன்று போல என்றும் நான் கடைப்பிடித்ததில்லை.

இரண்டு மணிக்கு அவர் எழுந்துபோய்ச் சாப்பாட்டுக் கடையில் இரண்டு டீயும் இரண்டு பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். பயணியிடமிருந்து எதையும் வாங்கக் கூடாது என்று விதி. வாங்கிக்கொண்டேன். மூன்று மணிக்குச் சாரல் நாற்காலி வரைக்கும் அடித்தது. விமானத்தில் கொடுத்த இரவு உடையைத் துணிப்பையிலிருந்து எடுத்து முழங்காலில் சுற்றிக்கொண்டார். நாலரைக்குச் சாலை திறந்தது. காரில் ஏறியதும் தூங்கிவிட்டார். பாட்டிலின் பெயர் அவரைப் பார்த்தபடிதான் இருந்தது.

மூன்றாம் நாள் புகார் வந்தது. பேச்சியம்மாளிடமிருந்து அல்ல. பதிவு செய்த அறைக்கு விருந்தினர் வரவே இல்லை என்று ஓட்டலிலிருந்து விமான நிறுவனத்துக்குத் தகவல் போய், அங்கிருந்து ராஜ்குமாருக்கு ஒரு வருத்தக் கடிதம் போயிருக்கிறது. ஓட்டல்காரர்கள் வாடகையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ராஜ்குமார் விடவில்லை. அம்மா ஏழரை மணி நேரம் எங்கே இருந்தார் என்று கேட்டு எழுதினான்.

விஸ்வநாதன் சார் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். 'தாமசம் என்ற சொல்லைத் தாமதம் என்று புரிந்துகொண்டேன்' என்று எழுதினேன். அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. பதினொரு மணி அழைப்பு மட்டும் இல்லை. அதைப் படிக்கிற யாருக்கும், சரியாகச் சொல்லாத ஷிஜிமேல்தான் தவறு என்று தோன்றும். நாச்சிமுத்து என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு மெல்லச் சொன்னான்: "ஏன்டா, ரெண்டு வருசமா அந்தப் புள்ளகூட மலையாளத்துலயே கதையளக்கற. இந்த ஒரு வார்த்த மட்டும் தெரியாமப் போச்சாக்கும்?"

சார் என்னை எதிரில் நிற்கவைத்துவிட்டு மேசைத் தொலைபேசியில் பேச்சியம்மாளை அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டார். ஸ்கேலை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். நடந்ததைச் சொல்லும்படி மரியாதையாகக் கேட்டார்.

"அந்தத் தம்பி ரூமுக்குப் போங்கன்னுதான் சொல்லுச்சு. நாந்தான் மாட்டேன்னுட்டேன். ரூமுக்குள்ள போய்ப் படுத்துட்டா ரோடு தொறந்தது எப்பிடிய்யா தெரியும்?"

சார் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அசௌகரியத்துக்கு நிறுவனம் ஈடு தரத் தயாராக இருக்கிறது, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"டீக்கு நான்லா காசு குடுத்தேன். ரெண்டு டீ, ரெண்டு வடை. அத மட்டும் குடுத்தனுப்புங்க."

போனை வைத்தபின் சார், நான் எழுதிக்கொடுத்த தாளையும் அவர் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஓரங்களை ஸ்கேலால் நேர்செய்தார். ஒன்றில் நான் அறை இருப்பதே தெரியாதவன். இன்னொன்றில் அறைக்குப் போகச் சொன்னவன். இரண்டையும் நிதானமாக ஒருமுறை படித்தார்.

"ரெண்டும் நெஜமா இருக்க முடியாது கேட்டியா" என்றார். "ரெண்டும் நெஜம் இல்லாம வேணா இருக்கலாம்."

ஸ்கேலைச் சட்டைப் பையில் செருகினார்.

"ஃபைல்ல வெக்க எனக்கு ஒண்ணு போறும். பாசஞ்ஜர் சொன்னதை வெச்சுக்கறேன். இதை நீயே வெச்சுக்கோ." என் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, வேறு ஏதோ அன்றாட விஷயம் சொல்வது போல, கோட்டுக்கு நாச்சிமுத்துவின் தோள் அளவை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். அந்த அளவை நான்தான் எடுத்தேன். பதினெட்டரை அங்குலம். ஷிஜி அதற்கப்புறம் என்னிடம் தாமசம் என்று சொன்னதே இல்லை. 'ரூம்' என்பாள், எழுத்துக்கூட்டி, ஆர், ஓ, ஓ, எம்.

டீக் காசை நேரில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்று சார் சொல்லியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பேச்சியம்மாள் மகள் பெயரில் இருந்த லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து, அதே காலுறையோடு, என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த க்ரீம் அம்மாவின் கையில் இருந்தது. நான் பணத்தை நீட்டியதும் அம்மா, எதற்குக் காசு என்று கேட்டார்.

"டீ வாங்கிக் குடுத்தேன்ட்டி ஒம் மவனுக்கு" என்றார் பேச்சியம்மாள். "பாவம், அன்னைக்குப் பூரா நின்னுக்கிட்டே இருந்தான்."

எண்ணிப் பார்க்காமல் முந்தியில் முடிந்துகொண்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டார். அவர் வேறெதுவும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அம்மாவும் அன்று ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து நாச்சிமுத்து கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்துப் போனான். மேசை எனக்கு வந்தது, கோட்டும் வந்தது. தோளில் அரை அங்குலம் தொங்கியது. முதல் வருட டிக்கெட்டை எழுதி வாங்கிக்கொண்டு மூணாறுக்கு ஓடினேன். வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். உறையைப் பிரித்து, முன்னால் இடம் காலியாக இருந்தால் படுக்கை விரித்துக் கொடுப்பார்கள், போர்த்தியும் விடுவார்கள் என்றேன். அம்மா கொழுந்துக்கறை படிந்த விரல்களால் உறையைத் தொடாமல் பார்த்தார்.

"வேண்டாம்ல" என்றார். "பேச்சிக்கு ஒண்ணாங் கிளாஸ் டிக்கெட்டு இருந்துச்சு. அவளையே தூணோரமா உக்கார வச்ச. ஓசி டிக்கெட்டுல வார என்னய எங்க உக்கார வைப்ப?"

எவ்வளவு நாளாகத் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அந்த வருடமும் அதற்குப் பின் வந்த நான்கு வருடங்களும் டிக்கெட்டுகள் பயன்படாமலே காலாவதியாயின. பிறகு முதல் வகுப்பே போய்விட்டது.

அலுவலகத்தைக் காலி செய்த நாளில் பழைய கோப்புகளை நான்தான் கட்டினேன். அந்த நாளைப் பற்றி, விஸ்வநாதன் சாரின் கையெழுத்தில், பேச்சியம்மாள் சொன்னதை எழுதிய தாளும், அதோடு குத்திய ஒரு வவுச்சரும்தான் இருந்தன. வவுச்சரில் இருந்தது இது: முதல் வகுப்புப் பயணி ஒருவர், சாலைத் தடை, தரையில் ஏழரை மணி நேரம். நிறுவனத்துக்கு ஆன மொத்தச் செலவு, இரண்டு டீ, இரண்டு வடை, நூற்றுப் பத்து ரூபாய்.